வழிபாட்டிடத்தில் உடையும் உள்ளமும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்வோர் தேயிலைத் தோட்டங்களை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. பிரிஞ்சாங்கிலுள்ள சாம் போ பௌத்த ஆலயத்திற்கும் தோட்டத் தமிழர்கள் வழிபடும் கோயில்களுக்கும் செல்கின்றனர். படம் எடுப்பதற்காக அணிந்த வேடிக்கை உடையோடும் தொப்பியோடும் சிலர் அப்படியே உள்ளே நுழைந்துவிடுகின்றனர். எந்தச் சமயத்தின் வழிபாட்டிடமாயினும், அதன் மரபுக்கேற்ப நம் உடையையும் நடத்தையையும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

வேடம் புனைவதே தவறு என்று நான் கூறவில்லை. தமிழர் வழிபாட்டில் வேடத்திற்கும் இடமுண்டு. தமிழ்நாட்டில், தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா விழாவில் பக்தர்கள் காளி, குறவன், குரங்கு எனப் பல வேடங்கள் புனைகின்றனர். அவர்கள் மாலையணிந்து விரதமிருக்கின்றனர். வீடு வீடாகச் சென்று பெற்ற காணிக்கையை அம்மனுக்குச் செலுத்துகின்றனர். அங்கே வேடம் ஒரு நேர்த்திக்கடன். அதே காளி வேடத்தை ஒருவர் சமூக ஊடகத்தில் படம் போடுவதற்காகவே புனைந்து சன்னிதி முன் நின்றால், அது வழிபடுவோரின் மனத்தைப் புண்படுத்தும். உடை ஒன்றுதான், நோக்கம் வேறு.

இதைச் சிறிய செய்தி என ஒதுக்கிவிட முடியாது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சபாவின் கோத்தா கினபாலு நகரப் பள்ளிவாசல் முன்னுள்ள சுவரின்மீது ஏறி, குட்டையான உடையில் இரு சுற்றுப்பயணிகள் ஆடினர். அந்தக் காணொளி பரவியதும், பள்ளிவாசல் நிர்வாகம் சுற்றுப்பயணிகள் அனைவருக்கும் தற்காலிகத் தடை விதித்தது. இருவர் செய்த செயலால், பண்போடு வந்தவர்களுக்கும் கதவு அடைபட்டது.

“வெளிநாட்டவருக்கு நம் வழக்கம் எப்படித் தெரியும்?” என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வியே. அறியாமல் வருபவரைக் கடிந்து விரட்டுவதும் பண்பன்று. புத்ராஜெயாவிலுள்ள புத்ரா பள்ளிவாசலில், தகுந்த உடையின்றி வரும் பயணிகளுக்கு நீண்ட அங்கி இரவலாகத் தரப்படுகிறது. வந்தவரும் வருந்துவதில்லை, இடத்தின் தூய்மையும் கெடுவதில்லை. கேமரன் மலையிலுள்ள ஆலயங்களும் வாயிலில் பன்மொழி அறிவிப்புப் பலகையையும் சில கைலிகளையும் வைக்கலாம். சுற்றுலா வழிகாட்டிகளும் பேருந்திலிருந்து இறங்கும் முன்பே பயணிகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

நாட்டின் தேசியக் கோட்பாட்டில் ஐந்தாவது, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல் ஆகும். அதை மனப்பாடம் செய்வது எளிது. கடைப்பிடிப்பதற்கு வாய்ப்புத் தரும் இடங்களுள் ஒன்று பிற சமயத்தாரின் வழிபாட்டிடம். நமக்கு அது காட்சிப்பொருளாகத் தோன்றலாம். கொழுந்து பறித்துக் களைத்த ஒரு தொழிலாளி தம் குறைகளைச் சொல்லி அழவும் ஆறுதல் பெறவும் வரும் இடம் அதுவே. படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தும் முன், அங்கே கைகூப்பி நிற்பவரை ஒரு கணம் பார்ப்போம். எப்படி நடந்துகொள்வது என்பது அப்போது நமக்கே விளங்கும்.