கெடுத்தது யார்?

பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டுக்குப் பின்னால் எங்கள் தெரு. பெரியப்பா செத்த அன்று ராத்திரி முழுக்க கானா. பாடிய தம்பி ஒரு பழைய சினிமா சோகப் பாட்டின் மெட்டை எடுத்தான். அதில் நிலாவும் காதலியும் இருந்த இடத்தில் என் பெரியப்பாவை உட்கார வைத்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன முதுகு, டீக்கடை பாக்கி, பெரியம்மாவோடு சண்டை போட்டுவிட்டு அவளுக்கே பூ வாங்கி வந்த சாயங்காலம், எல்லாம் வந்தது. பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

துக்கம் கேட்க வந்திருந்த என் வங்கி சகா ஒருவர் காதோடு சொன்னார்: "எவ்ளோ அருமையான பாட்டு சார், இப்படிக் கெடுத்துட்டாங்களே!"

சாவு வீட்டில் பதில் பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

தோழர்களே, 'கெடுப்பது' என்றால் இன்னா? அமெரிக்காவில் 'ப்ளூ மூன்' என்று ஒரு பாட்டு. மெட்டு ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், வரிகள் லாரன்ஸ் ஹார்ட், ஆண்டு 1934. நிலாவைப் பார்த்து உருகும் மெதுவான பாட்டு. 1961இல் பிட்ஸ்பர்க் நகரத்து மார்செல்ஸ் என்ற குழு அதைக் கையில் எடுத்தது. மூன்று கறுப்பர், இரண்டு வெள்ளையர். பாட்டின் வேகத்தைக் கூட்டினார்கள். அடிக்குரல்காரர் அர்த்தமில்லாத ஒலிகளையே தாளமாக உருட்டினார். இதற்கு டூ-வாப் என்று பெயர். கறுப்பு இளைஞர்கள் தெருமுனையில் நின்று, வாத்தியம் இல்லாமல் வாயையே வாத்தியமாக்கிய இசை. நம்ம பசங்க தீப்பெட்டியிலும் டேபிளிலும் தட்டுகிற மாதிரி. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்த 'ப்ளூ மூன்' முதலிடத்துக்குப் போனது. ஆனால் தெற்கு மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாகப் பயணம் போவதில் தொல்லை. அதே ஆண்டே வெள்ளையர் இருவரும் விலகினார்கள். பாட்டுக்குக் கிடைத்த இடம் பாடியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 'அசல்' பாட்டே அசல் இல்லை. சினிமாவுக்காகப் போட்ட அதே மெட்டுக்கு ஹார்ட் வேறு வேறு வரிகளை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் விலைபோனதுதான் 'ப்ளூ மூன்'. அவர் வரியை மாற்றினால் படைப்பு. எங்க தெருத் தம்பி மாற்றினால் கெடுப்பு. இந்தி மெட்டுகளை அப்படியே தூக்கி வந்து தமிழ் வரி போட்ட 1950களின் நம்ம சினிமாவை 'பொற்காலம்' என்கிறார்கள். அதற்கு யாரும் துக்கம் கேட்க வரவில்லை.

ஆக, பிரச்சினை மெட்டில் இல்லை. யார் வாய் என்பதில் இருக்கிறது. தூய்மைவாதம் தீட்டுக் கணக்கை இசையிலும்தான் எழுதி வைத்திருக்கிறது.

எதிர்த் திசையில் நடப்பதைப் பாருங்கள். கானாவை சினிமா எடுத்தால் 'குத்துப்பாட்டு', கோடி கோடியாய் வசூல். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யை உலகமே ஆடியது. எழுதிப் பாடியவர் அறிவு. ஆனால் அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. பா. இரஞ்சித்தும் மற்றவர்களும் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவன் நான். வரவு ஒருத்தன் பெயரில், பற்று இன்னொருத்தன் பெயரில் எழுதினால் அதற்கு மோசடி என்று பெயர்.

மாணவத் தோழர்களே, உங்கள் மேடையில் கானா பாட ஒருவரைக் கூப்பிட்டால் நோட்டீசில் பெயரைப் போடுங்கள். 'கானா குழுவினர்' என்று மொத்தமாக எழுதாதீர்கள். வண்டிச் சத்தத்தோடு கூலியும் கொடுங்கள். பாட்டைப் பதிவு செய்தால் யார் கட்டியது என்று எழுதி வையுங்கள். 'நல்ல பாட்டைக் கெடுத்துட்டீங்க' என்று எவராவது சொன்னால், என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.