ஓட்டு வீடும் ஒக்கியும், முடிந்துபோன ஒரு பாலிசியும்

மஸ்கட்டில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு பாறசாலை வீட்டுக் கூரையைப் பற்றி எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இடவப்பாதி மழை நெருங்கினாலே எனக்கு அந்த ஓட்டுக்கூரைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

2017 நவம்பர் 30, ஒக்கி. அம்மாவுக்கு ஃபோன் போட்டுப் போட்டு லைனே கிடைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன் போனிலிருந்து அம்மாவே கூப்பிட்டாள். "மக்ளே, பயப்படண்டாம். பிலா அடுக்களைக்கு மேல சாஞ்சு போச்சு. எனக்கு ஒண்ணுமில்ல."

இத்தனைக்கும் அந்தப் புயல் நம்ம கரையைக் கடக்கவே இல்லை. குமரிக்குத் தெற்கே கடல் வழியாகப் போனது. கடலுக்குள் இருந்த விழிஞ்ஞம், பூந்துறை, தூத்தூர், சின்னத்துறை ஆட்கள் இழந்ததோடு வைத்துப் பார்த்தால் எங்கள் அடுக்களை ஒரு கணக்கே இல்லை. ஆனால் புயல் என்றால் கடலூர், நாகப்பட்டினம், ஆந்திரா, நமக்கில்லை என்று நான் சின்ன வயதிலிருந்து நம்பியது அன்றோடு போச்சு. இங்கே ஓமானிலும் 2007 ஜூனில் கோனு வரும்வரை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அதான் லோன் எடுத்தப்பவே இன்சூரன்சு கட்டினோமே" என்றான் தம்பி. அலமாரியைக் குடைந்து எடுத்துப் பார்த்தால், கடன் முடிந்தது 2014-ல், பாலிசியும் அதோடு முடிந்திருக்கிறது. பேங்கில் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சரி, சர்க்கார் நிவாரணம்? பாதி சேதமான நல்ல வீட்டுக்கு அன்றைய பேரிடர் நிவாரண விதியில் 5,200 ரூபாய். 2022-ல் திருத்தியபோது அது 6,500 ஆனது. ஆசாரியும் ஒரு கையாளும் நாலு நாள் வேலை செய்தால் கூலிக்கே தீர்ந்துவிடும். மரத்துக்கும் ஓட்டுக்கும் என்ன செய்வது?

அதனால் கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியாக ஒரு பாலிசி எடுங்கள் என்பேன். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரி பாலிசியைக் கொடுக்கவேண்டும் என்று ஐஆர்டிஏஐ வைத்திருக்கிறது. புயல், வெள்ளம், இடி மின்னல், மரம் விழுவது எல்லாம் அதில் சேரும். பத்து வருஷம் வரை ஒரேயடியாக எடுக்கலாம். வீட்டுக்குப் போடும் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் தானாகவே உண்டு. நம்ம ஆட்கள் தப்பு செய்வது தொகையில்தான். சென்ட் விலையைச் சேர்த்துச் சொல்வார்கள். மண் எங்கேயும் பறந்து போகாது ஐயா! வீட்டைத் திரும்பக் கட்ட என்ன ஆகும், அந்தக் கணக்குதான் வேண்டும். வீடு பூட்டிக் கிடக்கிறதென்றால் அதை முன்கூட்டியே சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப்பேர் வீடு பூட்டித்தானே கிடக்கிறது.

பாலிசி இருக்கிறதென்று கூரையை மறந்தாலும் ஆகாது. கறையான் அரித்த கழுக்கோல் சரிந்தால் அது தேய்மானம், புயல் இல்லை என்று சர்வேயர் எழுதிவிட்டுப் போவார். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், ஆள் ஏறிப் பார்க்கவேண்டும். பார்த்த அன்றைக்கே தேதியோடு நாலு போட்டோ. காற்று ஓட்டை மேலிருந்து அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. அதுவும் முதலில் ஓரத்தையும் முகட்டையும்தான். மங்களூர் ஓடு தன் கனத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஓர வரிசைகளையாவது கம்பி போட்டு ரீப்பரோடு கட்டவேண்டும். இந்த வேலைக்கு ஆகும் செலவு நான் ஒருமுறை ஊருக்கு வரும்போது வாங்கும் சாக்லேட்டுக்குக்கூட வராது.

நெய்யாற்றின்கரை வரை இப்போது எங்கே பார்த்தாலும் மாடிக்கு மேல் ட்ரஸ் அடித்து ஷீட் போடுகிறார்கள். வெயிலுக்கு நல்லதுதான். ஸ்க்ரூ துருப்பிடித்ததா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? ஒக்கியன்று எங்கள் வாழைத்தோட்டத்தில் ஒரு முழு ஷீட் வந்து கிடந்தது. யாருடையது என்று இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை :-)

இந்த முறை லீவை மேயில் போட்டிருக்கிறேன். ஓரம் கட்டவேண்டும், ரெண்டு கழுக்கோல் மாற்றவேண்டும். கிணற்றோரம் நிற்கும் இன்னொரு பிலாவும் வீட்டுப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அதை வெட்ட அம்மா சம்மதிக்கமாட்டேன் என்கிறாள். வருக்கைச் சக்கையாம்.