கருகிப்போன பாகத்துக்குப் பெயர் என்ன? போர்டே சொல்லும் 4 துப்புகள்!

கோடை இடியோ, ஐப்பசி மழையோ... பலமாக ஒரு மின்னல் வெட்டினால் போதும், பெரம்பலூர், அரியலூர் பக்கம் ரிப்பேர் கடைகளுக்கு வேலை வந்துவிடும். டி.வி., இன்வெர்ட்டர், போர்வெல் மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டர் என வரிசையாக போர்டுகள் வந்து சேரும்.

சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் ஸ்டார்ட்டர் படுத்துவிட்டால், ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். போர்டைத் திறந்தால் ஒரே ஒரு பாகம் கருகியிருக்கும். அதில் இருந்த எண்ணும் அழிந்திருக்கும். 'போர்டையே மாத்தணும்' என்று முடிவெடுக்கும் முன், இந்தத் துப்புகளைப் பார்த்துவிடலாம்.

1. பக்கத்தில் உள்ள எழுத்து

பாகம் எரிந்தாலும் போர்டில் அச்சிட்ட எழுத்து பெரும்பாலும் தப்பிவிடும். 'ஆர்' என்றால் ரெசிஸ்டர், 'சி' கெபாசிட்டர், 'டி' டையோடு, 'க்யூ' டிரான்சிஸ்டர், 'யு' ஐ.சி., 'எஃப்' ஃபியூஸ்.

2. இருக்கும் இடம்

கரன்ட் நுழையும் இடத்தில், ஃபியூஸை அடுத்து வட்ட வில்லை போல ஒன்று வெடித்திருந்தால், அது வேரிஸ்டராக இருக்கலாம். வோல்டேஜ் எகிறும்போது தன்னைப் பலி கொடுத்து போர்டைக் காப்பாற்றும் பாகம் இது. அதன் மேல் '471' என்று இருந்தால், 47-க்குப் பின் ஒரு பூஜ்யம், அதாவது 470 வோல்ட். சில கெபாசிட்டர்களும் இதே தோற்றத்தில் இருக்கும் என்பதால் பக்கத்து எழுத்தையும் பார்ப்பது நல்லது.

3. இரட்டைப் பிறவி

த்ரீ ஃபேஸ் ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரே மாதிரி பாகங்கள் இருப்பது உண்டு. ஒன்று கருகினாலும் மற்ற இரண்டில் எண்ணைப் படித்துவிடலாம்.

4. பிறவியிலேயே பெயர் இல்லாதவை

பழுப்பு நிறத்தில் அரிசிக் குருணை போல இருக்கும் செராமிக் கெபாசிட்டர்களில் பொதுவாக எந்த எண்ணும் இருக்காது. பார்வையால் மதிப்பைச் சொல்ல முடியாது. அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைக் கழற்றி மீட்டரில் அளக்க வேண்டும். இல்லையென்றால் சர்க்யூட் படம் வேண்டும். ரிப்பேர் தகவல்களுக்காகவே மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ல் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது.

குத்துமதிப்பாக மட்டும் எதையும் மாட்டக் கூடாது. ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றினால் அடுத்த முறை தீப்பிடிக்கலாம். வேரிஸ்டரைப் பிடுங்கிவிட்டால் போர்டு ஓடும். ஆனால், அடுத்த மின்னலுக்குக் காவல் இருக்காது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்கள் ஷாக் அடிக்கும் என்பதால் தொடுகிற வேலை மெக்கானிக்குக்குத்தான்.

பெயர் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. ஏன் கருகியது என்பது மீதி. லைனில் நியூட்ரல் கழன்றால்கூட வீட்டுக்கு 400 வோல்ட் வரை வரலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பாகம் போட்டால், அதுவும் கருகும்.