வென்றவருக்கு எழுவாய் மறுக்கலாகாது

2020 ஜனவரி 10 அன்று, ஹைதராபாத்தின் கச்சிபௌலி அரங்கில் சென்னையின் எஃப்சி 3-1 என வென்றது. அந்த ஆட்டத்தை "ஹைதராபாத் தோற்றது" என்று சொல்வோர் உளர். "சென்னை வென்றது" என்று சொல்ல அவர்களுக்கு மனம் வருவதில்லை. எழுவாயை மாற்றினால் உழைத்தவர் மறைந்துவிடுகிறார்.

இடைவேளைக்கு முன்பே கிரிவெல்லாரோவும் வால்ஸ்கிஸும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். பின்பு வால்ஸ்கிஸ் மீண்டும் ஒன்று. ஹைதராபாத்தின் ஒரே கோல் ஆட்டம் முடியும் தறுவாயில் வந்தது. இதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் எங்கே?

எதிரணி பலவீனமானது என்பர். மெய்தான், ஹைதராபாத் அப்பருவத்தைக் கடைசி இடத்தில் முடித்தது. மறுநாளே அதன் பயிற்றுநர் ஃபில் பிரவுன் பதவி இழந்தார். ஆயின் சென்னையும் பருவத் தொடக்கத்தில் தத்தளித்த அணியே. டிசம்பரில் ஓவன் காயல் பொறுப்பேற்ற பின்னரே நிமிர்ந்தது. எதிரணியின் பலவீனம் மட்டுமே காரணமெனில், அடுத்த மாதம் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என வென்றதற்கும், இறுதியாட்டம் வரை சென்றதற்கும் எதைக் காரணம் காட்டுவர்?

பிழைப்புக்காக ஹைதராபாத்தில் குடியேறி, எதிரணிக் கொடிகளுக்கு நடுவே நீலச் சட்டையுடன் அமரும் சென்னை ரசிகர் சலுகை கேட்கவில்லை. தம் அணி தோற்றால் பழியை அதன்மேல் சுமத்தத் தயங்காதவர்கள், அது வென்றால் புகழையும் அதற்கே தரவேண்டும் என்கிறார். அது நியாயமான கணக்கு.