கீழாநெல்லியும் கணிப்பொறியும்

எளாவூர் ரயில் நிலையத்தில் இறங்கிப் பழவேற்காடு ஏரிப் பக்கமாக நடக்கும் நேயர்கள், மழை பெய்து ஓய்ந்த நாட்களில் வரப்போரத்துக் கீழாநெல்லியைக் காணலாம். இலைக்கு அடியிலே மணி மணியாகக் காய்களை ஒளித்து வைத்திருக்கும் செடி அது. காமாலை கண்டவருக்கு அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் பாட்டிமாரின் கைவைத்தியம். இதைக் கேட்டு நகைப்பதும் எளிது. கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் எளிது. சோதித்துப் பார்ப்பதுதான் கடினம்.

சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும் அக்கடினமான காரியத்தில் இறங்கினார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாள் உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிச் சூரணம் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவரிடம் மாத்திரமே மறைந்தது. 1988-இல் 'லான்ஸெட்' பத்திரிகை இதை வெளியிட்டது. நாம் மார்தட்டிக் கொள்ளலாமா? அதற்குள் அவசரம் வேண்டாம். பிற்பாடு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்த வெற்றி திரும்பக் கிட்டவில்லை.

செடி என்பது ஒற்றை மருந்தன்று. பல ரசாயனங்களின் மூட்டை. மண்ணும் பருவமும் மாறினால் அவற்றின் அளவும் மாறும். ஆகவே, மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது அவசியமாகிறது.

தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சாமல் குழுவினர் செய்துவருவது இதுவே. 1,742 இந்திய மூலிகைகளையும் அவற்றிலுள்ள 9,596 ரசாயனங்களையும் தொகுத்து, 'இம்பாட்' என்னும் களஞ்சியமாக 2018-இல் வெளியிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் மூலிகைகள் 4,010 ஆகவும், ரசாயனங்கள் 17,967 ஆகவும் பெருகின.

இத்தனையையும் ஆய்வுக் குழாயில் இட்டுப் பார்க்க ஆயுள் போதுமா? இங்கேதான் கணிப்பொறி கைகொடுக்கிறது. நோய்க்குத் துணைபோகும் புரதத்தைப் பூட்டாகவும், ஒவ்வொரு ரசாயனத்தையும் சாவியாகவும் பாவித்து, எது எவ்வளவு இறுகப் பொருந்துமென்று கணக்கிடுகிறது. கொரோனாக் கிருமி நம் உயிரணுவுக்குள் நுழைய உதவும் இரண்டு புரதங்களுக்கு எதிராக, 2020-இல் இக்குழுவினர் சுமார் 14,000 ரசாயனங்களை இவ்விதம் சலித்தார்கள். சல்லடையில் தங்கியவை அவற்றுள் ஒரு சிறு பகுதியே.

தங்கியவையும் மருந்தாகிவிடவில்லை. கணக்கிலே பொருந்தும் சாவி குடலிலே கரையாமற் போகலாம். கல்லீரலுக்கே தீங்கு செய்யலாம். ஆய்வுக் குழாய், பிராணி, மனிதர் என்று ஒவ்வொரு வாசலையும் அது கடந்தாக வேண்டும். அதுவரையில், குழந்தையின் கண் மஞ்சளித்தால் எளாவூர்த் தாய் முதலில் நாட வேண்டியது ஆஸ்பத்திரியையே.

இன்னொரு கடமையும் உண்டு. இக்களஞ்சியம் நூல்களிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இருந்து திரட்டியது. ஏரிக்கரை மீனவரும் இருளரும் அறிந்தவற்றுள் ஏட்டில் ஏறாதவை எத்தனையோ! அவர்கள் பெயரோடு அவற்றையும் எழுதி வைக்க வேண்டும். பாரம்பரிய அறிவால் விளையும் பயனில் அதற்கு உரியவர்களுக்கு நியாயமான பங்கு வேண்டுமென்று 2002-ஆம் வருஷத்து உயிரினப் பன்மைச் சட்டம் கூறுகிறது. மூலிகைப் பெருமையை மேடையில் முழங்கினால் போதாது. அதை நமக்குக் காத்துத் தந்தவர்களுக்கு உரியதைக் கொடுப்பதுதான் தேசத்துக்கு அழகு.