ஓட்டல் மேஜைக்கு எந்தக் கரண்டி?

புதிதாக ஓட்டல் திறக்கிறவருக்கு ஆயிரம் கவலை. அடுப்பு, கிரைண்டர், மேஜை, நாற்காலி, பெயர்ப் பலகை எல்லாவற்றையும் பத்து முறை யோசித்து வாங்குகிறார்.

கடைசியில் பாத்திரக் கடைக்குப் போகிறார். "பத்து டஜன் ஸ்பூன் கொடுங்கள். விலை மட்டும் குறைவாக இருக்கட்டும்" என்கிறார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

அங்கேதான் தவறு நடக்கிறது!

நாற்காலி கொஞ்சம் ஆடினால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். கரண்டி அவருடைய வாய்க்குள் போகிற பொருள். அதில் துருப் புள்ளி இருந்தால் பொறுப்பாரா?

கையால் சாப்பிடுகிற நமக்குக் கரண்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இலைச் சாப்பாட்டுக்குக் கை போதும். ஆனால் சுடச்சுட வரும் பொங்கல்? சாம்பார் வடை? ஐஸ்கிரீம்? கரண்டி இல்லாமல் இன்று எந்த ஓட்டலும் நடக்காது.

எவர்சில்வர் வந்த கதை

ஒரு காலத்தில் மேஜைக் கத்திகளைச் சாதாரண எஃகில் செய்தார்கள். எலுமிச்சைச் சாறு பட்டால் கறுத்துவிடும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். பணக்காரர் வீட்டில் வெள்ளிக் கரண்டி இருக்கும். அதையும் அடிக்கடி தேய்த்து மெருகேற்ற வேண்டும்.

1913-ம் ஆண்டு, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடிக்கொண்டிருந்தார். எஃகில் 100-க்கு 13 பங்கு அளவில் குரோமியம் சேர்த்துப் பார்த்தார். அந்த எஃகு எளிதில் துருப்பிடிக்கவில்லை!

ஷெஃபீல்டு, கத்தி செய்வதற்குப் பேர்போன ஊர். துப்பாக்கிக்குத் தேடிய எஃகு சாப்பாட்டு மேஜைக்கு வந்தது இப்படித்தான்.

குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் போல எஃகின் மேல் படிகிறது. அந்தத் தோல்தான் காவல். கீறல் விழுந்தாலும் தானே மறுபடி உண்டாகும்.

18/8 என்றால் என்ன?

சில கரண்டிகளில் 18/8 என்று பொறித்திருக்கும். 100 பங்கில் குரோமியம் 18, நிக்கல் 8 என்று பொருள். 18/10 என்றால் நிக்கல் இன்னும் கொஞ்சம் அதிகம். 18/0 என்றால் நிக்கல் இல்லை. அது விலை குறைவு. கறையும் சற்றுச் சீக்கிரம் பிடிக்கும்.

இன்னொரு சரக்கும் உண்டு. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து, மாங்கனீஸ் சேர்த்துச் செய்வது. கடையில் அதுவும் பளபளவென்றுதான் இருக்கும். தினமும் உப்பு படப்படப் புள்ளி விழும்போதுதான் குட்டு வெளிப்படும்.

காந்தம் ஏமாற்றும்!

"காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர்" என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மைதான். 18/8-ல் காந்தம் ஒட்டாது. மாங்கனீஸ் சேர்த்த மலிவுச் சரக்கிலும் ஒட்டாது!

கத்தியின் சங்கதி வேறு. கத்தி வெட்ட வேண்டுமானால் எஃகு கடினமாக இருக்க வேண்டும். அதற்கான எஃகில் காந்தம் ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டுகிற கத்தியை மட்டம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பிறகு எதை நம்புவது? என்ன ரகம் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

விரலால் தடவிப் பாருங்கள்

கரண்டியின் விளிம்பை விரலால் தடவுங்கள். முள்கரண்டியின் பல் இடுக்கையும் தடவுங்கள். சொரசொரப்பு இருந்தால் வேண்டாம். நாளை ஒரு குழந்தையின் உதடு கிழியும்.

கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வளைந்தால், கெட்டியான ஐஸ்கிரீமை எடுக்கும்போதும் வளையும்.

பூ வேலைப்பாடு அதிகம் வேண்டாம். இடுக்குகளில் அழுக்குத் தங்கும். சாதாரண வடிவமே நல்லது. குறைந்ததை வாங்கிச் சேர்க்கும்போதும் அதே மாதிரி கிடைக்கும்.

முதலில் ஒரு டஜன் மட்டும் வாங்குங்கள். ஒரு வாரம் நீங்களே அதில் சாப்பிட்டு, கழுவிப் பாருங்கள். பிறகு மொத்தமாக வாங்கலாம்.

எத்தனை வேண்டும்?

நாற்பது பேர் உட்காரும் ஓட்டலுக்கு நாற்பது கரண்டி போதாது. நாற்பது மேஜையில் இருக்கும்போது, நாற்பது கழுவுமிடத்தில் இருக்கும். எச்சில் இலையோடு குப்பைக்குப் போகிற கரண்டிகளும் உண்டு! ஆகவே எண்பதுக்கு மேலேயே கையில் இருக்கட்டும்.

கழுவுவதிலும் கவனம் தேவை. இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டி அதுவே துருப்பிடிக்கும். பிளீச்சிங் தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ இரவெல்லாம் ஊறவிடக் கூடாது. கழுவியதும் சுத்தமான துணியால் துடைத்து வையுங்கள்.

வராமல் போகிறவர்

நகையை அடகு வைத்து ஓட்டல் திறக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் பெரிது. ஆனால் கரண்டியில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், வாடிக்கையாளரை விரட்டினால் அது லாபமா?

துருப் புள்ளியைப் பார்த்தவர் சண்டை போட மாட்டார். பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த வாரம் குடும்பத்தோடு எதிர் ஓட்டலுக்குப் போவார்.

அவர் ஏன் வரவில்லை என்பது கல்லாவில் இருப்பவருக்குக் கடைசிவரை தெரியாது!