பேர் தெரியாத கோட்டு

முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் ராணுவ அதிகாரியின் கோட்டு ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று வையுங்கள். சாம்பல் கலந்த பச்சைக் கம்பளித் துணி, முன்னால் உலோகப் பொத்தான்கள். வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி: "இது யாரோடது?" பேர் தெரிந்தால் ஒரு விலை, தெரியாவிட்டால் வேறு விலை. வம்பே அங்கேதான் ஆரம்பம்!

இப்படிப்பட்ட கோட்டுகளின் சொந்தக்காரரை எப்படித் தேடுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். "டிப்ளமோ படிக்கிற உனக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அந்த நாளில் ஜெர்மன் அதிகாரிகள் சொந்தச் செலவில் தனியார் டெய்லரிடம் தைத்துக்கொண்டார்கள். உள்பாக்கெட்டில் டெய்லர் லேபிள் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அதிலேயே மையால் எழுதிய பேரும் தேதியும் இருக்கும். தோள்பட்டையில் ரெஜிமெண்ட் எண் தெரியும். அதில் ஸ்டார் இல்லையென்றால் லெப்டினன்ட், இரண்டு ஸ்டார் என்றால் கேப்டன். பேரும் ரெஜிமெண்டும் கிடைத்துவிட்டால், அச்சில் வந்த அதிகாரிகள் பட்டியலைப் புரட்டலாம். 1914 முதல் 1919 வரை வெளியான இழப்புப் பட்டியலில் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் என எல்லோரும் இருக்கிறார்கள். இன்றைக்கு அதைக் கம்ப்யூட்டரிலேயே தேடலாம்.

சரி, லேபிளில் பேர் இல்லையென்றால்? காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்றில் 12 கம்பெனி. கம்பெனிக்கு ஒரு கேப்டன் என்று வைத்தாலே 12 பேர். இதில் நம்ம ஆள் யார்? போதாக்குறைக்கு, தோள்பட்டைகள் பல கோட்டுகளில் கழற்றி மாட்டக்கூடியவை. ஒன்றினுடையதை இன்னொன்றில் மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஆவணங்களின் கதை இன்னும் சோகம். 1945 ஏப்ரல் 14 அன்று இரவு போட்ஸ்டாம் நகரில் குண்டு விழுந்தது. அங்கிருந்த ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்து, பிரஷ்யப் படையின் ஆள்விவரங்களில் பெரும்பகுதி சாம்பலானது. பவேரியப் படையின் பதிவேடுகள் முனிச்சிலும், வூர்ட்டம்பெர்க் படையுடையவை ஸ்டட்கார்ட்டிலும் தப்பிவிட்டன. ஆக, கோட்டு பவேரியாக்காரருடையது என்றால் வழி உண்டு. பிரஷ்யாக்காரர் என்றால், எவ்வளவு கெட்டிக்காரர் தேடினாலும் பல சமயம் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கேதான் ஆசை குறுக்கே வருகிறது! பன்னிரண்டு பேரில் மெடல் வாங்கிய ஒருத்தரைப் பிடித்து, "இவராத்தான் இருக்கணும்" என்கிறார்கள். கோட்டு நாலு கை மாறுவதற்குள் அது "இவரேதான்" ஆகிவிடுகிறது. விளைவு? ஒரு குடும்பம் யாரோ ஒருவரின் கோட்டைத் தாத்தாவின் கோட்டு என்று கும்பிடும். உண்மையில் போட்டிருந்தவர் இரண்டாம் முறையாகக் காணாமல் போவார்.

"சண்டை போட்ட ஆளுக்கு இவ்வளவு கவலையா?" என்று ஒரு நண்பன் கேட்டான். அவர் நல்லவரா, கெட்டவரா என்பது வேறு கேள்வி. ஆள் மாறிப்போனால் புகழும் தப்பான ஆளுக்குப் போகும், பழியும் தப்பான ஆளுக்கே போகும்.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷம் லேபில் ஊசல் சோதனையில் எனக்கு 1012 வந்தது. 980 வரணுமே! ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கைப் பின்னாலிருந்து போட்டு 979 ஆக்கினேன். மார்க்கும் வாங்கினேன். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்யவில்லை? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்! விடையை முதலில் முடிவு செய்துவிட்டு ரீடிங்கை வளைப்பவனும், பேரை முதலில் முடிவு செய்துவிட்டு கோட்டுக்கு மாட்டுபவனும் ஒரே ஜாதிதான்.

நேர்மையான தேடுபவர் கோட்டின் தையல் நூலைக்கூடக் கொளுத்திப் பார்ப்பார். உருகி உருண்டையானால் பாலியெஸ்டர், அதாவது அந்தப் போருக்கு வெகு பின்னால் வந்த நூல். அப்போதும் உடனே "போலி" என்று கத்தமாட்டார், பிற்காலத்தில் யாராவது ரிப்பேர் செய்த தையலா என்றும் பார்ப்பார். கடைசியில் இப்படி எழுதுவார்: "ரெஜிமெண்ட் தெரிகிறது. பதவி தெரிகிறது. பேர் தெரியவில்லை."

அதுவும் ஒரு ரிசல்ட்தான் நண்பர்களே! நாளைக்கு நாம் கையெழுத்துப் போடப்போவது பாலத்துக்கும் பாய்லருக்கும். அங்கே "வரணுமே" என்பதற்காக எண்ணை மாற்றினால் ஆள் சாவான். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் தைரியத்தை இப்போதே பழகுவோம்!